கோகோ பவுடரை மசாலா டப்பா பக்கத்தில் வையுங்கள்

கொடைக்கானலில் ஏழு ரோட்டிலிருந்து ஏரிப் பக்கம் இறங்கினால் கண்ணில் படுவதெல்லாம் சாக்லேட் கடைதான். இத்தனைக்கும் கோகோ மரம் இந்தக் குளிரில் நிற்காது. சுமார் 2,100 மீட்டர் உயரம், டிசம்பரில் புல்தரையில் உறைபனி விழும் ஊர். கோகோவுக்கு வேண்டியது வெப்பமும் ஈரமும் நிழலும். தமிழ்நாட்டில் அது பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக வளர்கிறது. மேலே கடைகளில் விற்கும் ஹோம்மேட் சாக்லேட்டில் பெரும்பகுதி, வாங்கி வந்த காம்பவுண்ட் பாளத்தை உருக்கி, முந்திரி திராட்சை போட்டு அச்சில் ஊற்றியது. காம்பவுண்ட் என்றால் கோகோ பவுடர், சர்க்கரை, அப்புறம் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு. சாப்பிட நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதிலிருக்கும் கோகோவை மட்டும், சர்க்கரை இல்லாமல், தினசரிச் சமையலில் எப்படிச் சேர்ப்பது என்பதுதான் இந்தப் பதிவு.

சர்க்கரை சேர்க்காத கோகோவை முதல்முறை நாக்கில் வைத்தால் யாருக்கும் முகம் சுளிக்கும். கசப்பு, துவர்ப்பு, கொஞ்சம் புளிப்பு. உடனே கை சர்க்கரை டப்பாவைத் தேடும். அங்கேதான் ஆரோக்கியம் கைநழுவிப் போகிறது. நம் சமையலில் கசப்புக்கா பஞ்சம்? வெந்தயத்தை யாரும் சர்க்கரை போட்டுச் சரிக்கட்டுவதில்லை. அளவாக எடுத்து, எண்ணெயில் பொரித்து, புளியோடும் காரத்தோடும் சேர்த்து வழிக்குக் கொண்டுவருகிறோம். கோகோவும் அப்படித்தான். அதை ஒரு மசாலாப் பொருளாக நினைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மெக்சிகோவில் காய்ந்த மிளகாய் அரைத்த கோழிக் குழம்பில் சாக்லேட் சேர்க்கும் வழக்கம் இன்றும் உண்டு.

முதல் படி: சரியான டப்பாவை வாங்குதல்

கடையில் ட்ரிங்கிங் சாக்லேட்டும் கோகோ பவுடரும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். படத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்தில் உட்பொருள் பட்டியலைப் பாருங்கள். எடையில் அதிகமானது முதலில் வரும் என்பது விதி. முதல் சொல் சர்க்கரை என்றிருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். நமக்கு வேண்டிய டப்பாவில் கோகோ என்ற ஒரே பொருள்தான் இருக்க வேண்டும். ஊட்டச்சத்துக் கட்டத்தில் சேர்க்கப்பட்ட சர்க்கரை பூஜ்யம் என்று இருக்கும்.

அதே பட்டியலில் அமிலத்தன்மை சீராக்கி 501 அல்லது 500 என்று எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அது காரம் (மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான அல்கலி) சேர்த்துப் பக்குவப்படுத்திய கோகோ, டச்சு முறை என்பார்கள். கோகோ விதையைப் புளிக்கவைத்து, காயவைத்து, வறுத்து அரைத்தால் விழுதாக வரும். அதைப் பிழிந்து வெண்ணெயைப் பிரித்த பிறகு மிஞ்சும் புண்ணாக்கின் பொடிதான் நாம் வாங்குவது. இந்தப் பிழியும் முறைக்கு 1828இல் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த வான் ஹூட்டன் குடும்பம் காப்புரிமை பெற்றது. பொடி பாலிலும் நீரிலும் எளிதாகக் கலக்க வேண்டும் என்று காரம் சேர்க்கும் பழக்கமும் அவர்கள் வழியாகவே வந்தது. காரம் சேர்த்தால் நிறம் கறுக்கும், புளிப்பு போகும், கசப்பு அடங்கும். கூடவே கோகோவில் நாம் தேடுகிற ஃபிளவனால் என்னும் சத்துகளும் பாதிக்குக் கீழே இறங்கிவிடும்.

சத்துக்காக வாங்குகிறீர்கள் என்றால் எண் இல்லாத இயற்கைக் கோகோவே நல்லது. வெளிர் பழுப்பாக இருக்கும், கறுப்பாக இல்லையே என்று சந்தேகப்பட வேண்டாம். உள்ளூர்க் கடையில் காரம் சேர்த்தது மட்டும்தான் கிடைக்கிறது என்றாலும் பரவாயில்லை, சர்க்கரை கலந்த ட்ரிங்கிங் சாக்லேட்டுக்கு அது எவ்வளவோ மேல்.

100 அல்லது 150 கிராம் டப்பாவே போதும். மலையில் மழைக்காலத்தில் உப்பே கசிகிறது, கோகோ எம்மாத்திரம். இறுக்கமான மூடி, ஈரமில்லாத கரண்டி, அடுப்பின் ஆவி படாத இடம். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், ஒவ்வொரு முறை வெளியே எடுக்கும்போதும் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

இரண்டாம் படி: குழைத்தல்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். கோகோவைச் சூடான பாலில் நேராகக் கொட்டினால் மேலே மிதக்கும். கலக்கினால் சிறு சிறு உருண்டையாகத் திரளும். உருண்டையை நசுக்கிப் பாருங்கள், வெளியே ஈரம், உள்ளே காய்ந்த தூள். பொடியில் இருக்கும் கொழுப்பு தண்ணீரை உள்ளே விடாது. மேல்பக்கம் மட்டும் நனைந்து மாவுச்சத்து பசைபோட்டு மூடிக்கொள்கிறது. அதற்கு மேல் எவ்வளவு ஆற்றினாலும் உடையாது.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு டம்ளரில் ஒரு டீஸ்பூன் கோகோ, ஒரு சிட்டிகை உப்பு. அதில் இரண்டு டீஸ்பூன் கொதிநீர் மட்டும் விடுங்கள். கரண்டியின் முதுகால் டம்ளரின் சுவரோடு சேர்த்துத் தேயுங்கள். முதலில் சொரசொரப்பாக, திட்டுத் திட்டாக இருக்கும். தேய்க்கத் தேய்க்க நிறம் கறுத்து, கரண்டியில் மினுமினுப்பு ஏறும். அப்போது ஒரு வாசனை எழும், டப்பாவைத் திறந்தபோது வராத வாசனை. அதுதான் அடையாளம். அதன் பிறகு பாலோ கஞ்சியோ எதை வேண்டுமானாலும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்கலாம்.

உப்பை விட்டுவிடாதீர்கள். கசப்பை மட்டுப்படுத்துவதில் ஒரு சிட்டிகை உப்பு செய்வதை ஒரு ஸ்பூன் சர்க்கரைகூடச் செய்யாது என்பது என் அபிப்பிராயம்.

கோகோ முழுசாகக் கரையும் பொருள் அல்ல, கொஞ்ச நேரத்தில் அடியில் வண்டல் தங்கும். கெட்டுப்போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம், கலக்கிக் குடித்தால் ஆயிற்று.

மூன்றாம் படி: காலைக் கஞ்சி

இரண்டு பேருக்கு: கேழ்வரகு மாவு 4 டேபிள்ஸ்பூன், தண்ணீர் 2 கப், கோகோ 2 டீஸ்பூன், பால் அரை கப், உப்பு ஒரு சிட்டிகை, தட்டிய ஏலக்காய் ஒன்று.

மாவை அரை கப் பச்சைத்தண்ணீரில் கட்டி தட்டாமல் கரைத்துக்கொள்ளுங்கள். மீதித் தண்ணீர் கொதித்ததும் கரைசலை ஊற்றி, தீயைக் குறைத்து, கைவிடாமல் கிளறுங்கள். கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் மலையடிவாரத்து வத்தலக்குண்டில் ஏழு நிமிடத்தில் பச்சை வாசனை போகும் கஞ்சி இங்கே பத்து நிமிடத்துக்கு மேல் கேட்கும். அவசரப்பட்டு இறக்கினால் மாவு வாசனையும் கோகோவின் துவர்ப்பும் சேர்ந்து தொண்டையில் நிற்கும். நன்றாக வெந்து பளபளப்பு வந்த பிறகு, குழைத்துவைத்த கோகோவையும் பாலையும் ஏலக்காயையும் சேர்த்து ஒரு கொதி விட்டு இறக்குங்கள்.

இனிப்பு வேண்டுமா? முதல் வாரம் ஆளுக்கு ஒரு டீஸ்பூன் நாட்டுச்சர்க்கரை, அடுத்த வாரம் அரை, அப்புறம் ஒரு பேரீச்சம்பழத்தை நறுக்கிப் போட்டால் போதும். நாட்டுச்சர்க்கரையும் சர்க்கரைதான், கருப்பட்டியும் அப்படியே. பெயர் மாறினால் கணக்கு மாறாது.

நான்காம் படி: பழத்தோடு

இனிப்பைப் பழத்திலிருந்து எடுப்பது என்றால் பழனி மலைக்காரர்களுக்குக் கவலையே இல்லை. விருப்பாட்சி மலைவாழை இருக்கிறது. 2008இல் புவிசார் குறியீடு பெற்றது, பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே உரிய பழம். தோல் கறுக்க ஆரம்பித்த பழமாக எடுங்கள், அப்போதுதான் இனிப்பு முழுசாக இறங்கியிருக்கும். இரண்டு பழத்தை மசித்து, ஒரு டீஸ்பூன் கோகோவைக் குழைத்துச் சேர்த்து, வறுத்த வேர்க்கடலை தூவினால் குழந்தைகளுக்கு மாலைத் தீனி தயார். சர்க்கரை ஒரு துளிகூட வேண்டாம்.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் பட்டர் ஃப்ரூட் இன்னொரு நல்ல ஜோடி. கனிந்த பழம் ஒன்று, மலைவாழை ஒன்று, கோகோ 2 டீஸ்பூன், உப்புச் சிட்டிகை. மிக்ஸியில் போட்டு, கரண்டியில் எடுத்தால் விழாத பதத்தில் அரையுங்கள். பழத்தின் கொழுப்பு கோகோவின் துவர்ப்பை மூடிவிடும். அரைத்த அன்றே தீர்த்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: குழம்பில்

எனக்குப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம். கோகோ மசாலாதான் என்று நம்பாதவர்களுக்கு நான் செய்துகொடுப்பது இந்தப் பட்டர் பீன்ஸ் குழம்பைத்தான்.

நான்கு பேருக்கு: உரித்த பச்சைப் பட்டர் பீன்ஸ் 2 கப், சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, மலைப்பூண்டு 8 பல், தக்காளி 2, புளி சின்ன நெல்லிக்காய் அளவில் பாதி, மிளகாய்த்தூள் 1 டீஸ்பூன், மல்லித்தூள் 2 டீஸ்பூன், மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், கோகோ ஒன்றரை டீஸ்பூன், தேங்காய்த் துருவல் 3 டேபிள்ஸ்பூன், நல்லெண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், கடுகு, சீரகம், கறிவேப்பிலை, உப்பு.

பீன்ஸை உப்புப் போட்டுக் குக்கரில் வேகவையுங்கள். கீழே மூன்று விசில் என்றால் இங்கே நான்கைந்து. விரலால் அழுத்தினால் மசிய வேண்டும். இந்தப் பருப்பை அரைவேக்காட்டில் சாப்பிடக் கூடாது, வெந்த தண்ணீரையும் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் சேர்ப்பது நல்லது.

எண்ணெய் காய்ந்ததும் கடுகு, சீரகம், கறிவேப்பிலை. அப்புறம் தட்டிய பூண்டு. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த நம் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குக் காரமும் மணமும் தூக்கல், அதனால் எட்டுப் பல்லே தாராளம். வெங்காயம் வதங்கி, தக்காளி கரைந்து, ஓரங்களில் எண்ணெய் பிரியும் வரை பொறுங்கள்.

இப்போது தீயை நன்றாகக் குறையுங்கள். மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள், கடைசியாகக் கோகோ. எண்ணெயோடு பிரட்டி அரை நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். கோகோ ஏற்கெனவே வறுபட்ட பொருள், சட்டியில் இன்னொருமுறை வறுபட்டால் கருகல் கசப்பு ஏறிவிடும். எந்தத் தேங்காயாலும் அதை மீட்க முடியாது. செங்கல் நிறம் ஆழ்ந்த பழுப்பாக மாறி, மசாலா வாசனைக்கு அடியில் வறுத்த மணம் ஒன்று தெரிந்ததும் ஒரு கப் தண்ணீர் விடுங்கள்.

புளிக்கரைசல், வெந்த பீன்ஸ், உப்பு சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்கட்டும். புளியைப் பாதியாக்கியதற்குக் காரணம், இயற்கைக் கோகோவே கொஞ்சம் புளிக்கும். வழக்கமான அளவு போட்டால் துவர்ப்பும் புளிப்பும் சேர்ந்து பல் கூசும். கடைசியில் அரைத்த தேங்காய், ஒரு கொதி, இறக்குங்கள்.

சாப்பிடுகிறவருக்குச் சாக்லேட் நினைவே வராது. நேற்று வைத்த குழம்பைச் சுண்டவைத்ததுபோல ஆழமாக இருக்கிறதே என்றுதான் கேட்பார்கள். சாக்லேட் வாசனை வந்தால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம், அடுத்தமுறை ஒரு டீஸ்பூனாகக் குறையுங்கள்.

இதே முறையில் கொண்டைக்கடலை, ராஜ்மா, மட்டன் குழம்பு, மிளகு தூக்கலான கோழி எல்லாவற்றுக்கும் போடலாம். கத்தரிக்காய்க்குப் பரவாயில்லை. ரசம், மோர்க்குழம்பு, கீரை பக்கம் கொண்டுபோகாதீர்கள். சாம்பாரில் போட்டால் நிறம் கெடுவதுதான் மிச்சம்.

எவ்வளவு, யாருக்கு

பெரியவர்களுக்கு நாளைக்கு ஒரு டேபிள்ஸ்பூன், அதாவது 5 கிராம் அளவில் நிறுத்திக்கொள்ளலாம். அதில் ஏறக்குறைய 12 கலோரியும் ஒன்றரை கிராமுக்கு மேல் நார்ச்சத்தும் இருக்கும். கஃபீன் சுமார் 12 மில்லிகிராம்தான், ஒரு டம்ளர் ஃபில்டர் காபியில் இதைப்போலப் பல மடங்கு. ஆனாலும் தூக்கம் லேசாக வருகிறவர்கள் இரவில் தவிர்க்கலாம்.

இது மருந்து அல்ல. கோகோ ஃபிளவனால் ரத்தக்குழாய்களின் நெகிழ்வுக்கு உதவும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012இல் ஏற்றது உண்மை. ஆனால் அமெரிக்காவில் 21,000க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், ஃபிளவனால் மாத்திரையால் இதயநோய் நிகழ்வுகள் மொத்தத்தில் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆகவே பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கோகோ குடிக்காதீர்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அந்த வேளையில் கோகோ வேண்டாம், இரும்பை உடம்பு எடுத்துக்கொள்வதை அது தடுக்கும். ஆக்சலேட் அதிகமுள்ள பொருள் என்பதால் சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

மலையில் வீட்டுக்கு ஒரு நாயாவது இருக்கும். கோகோவில் உள்ள தியோப்ரோமின் நாய்க்கு விஷம். சாக்லேட்டைவிடப் பொடியில் அது இன்னும் அடர்த்தி. டப்பாவை மேல்தட்டில் வையுங்கள், மீந்த கோகோக் கஞ்சியை நாயின் தட்டில் ஊற்றிவிடாதீர்கள். தப்பித்தவறி பொடியை நக்கிவிட்டால் வாந்தியும் நடுக்கமும் வரும்வரை காத்திராமல் கால்நடை மருத்துவரை உடனே கூப்பிடுங்கள்.