தவறணையைக் கடந்து போன விதம்

"நினைச்சா நிப்பாட்டுவன்" என்ற வீம்பு இருந்தவரை சாராயம்தான் வென்றது. கல்லடியில் வேலை முடிந்ததும் தவறணை வாசலால்தான் போவேன், என் மனத்திடத்தைக் காட்ட. "மச்சான், என்னால தனிய ஏலாது" என்று கூட்டாளியிடம் சொன்ன பிறகுதான் வழி பிறந்தது. சம்பளக் காசு மனிசியின் கைக்குப் போனது. சைக்கிளை வாவிக்கரைப் பாதையால் விட்டேன். ஆசை எழும்பினால் உடனே அவனுக்குக் கோல். கதைத்தபடியே ஒரு பிளேன்டீ. அந்த உந்தல் பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் அடங்கிவிடும். 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய 'அல்கஹோலிக்ஸ் அநோனிமஸ்' என்ற, குடியை விட ஒருவருக்கொருவர் துணைநிற்போர் இயக்கத்தின் முதற்படியும் மதுவின்முன் சக்தியற்றவர் என்று ஒப்புக்கொள்வதுதான்.

ஒன்று கட்டாயம்: நாள்தோறும் நிறையக் குடிப்பவர் சட்டென நிறுத்தினால் வலிப்புக்கூட வரலாம். முதலில் டொக்டரைக் காணுங்கள். இலங்கையில் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தால் மனநல ஆலோசனையும் கிடைக்கும்.