முகாமில் இருந்துகொண்டு ஆபீஸ் வேலையை முடிப்பது எப்படி

இலங்கைத் தமிழர் முகாம் ஆட்களிடம் எந்த ஆபீசிலும் முதலில் கேட்பது முகாம் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்றுதான். வேலூர்ப் பக்கத்து முகாம்களான மேல்மொணவூரோ அப்துல்லாபுரமோ, அரசு மாதாமாதம் தரும் பணக்கொடை, அரிசி, வீடு எல்லாமே அந்தப் பதிவை வைத்துத்தான் வரும். அதனால் வேறு எதையும் தொடுவதற்கு முன் முகாம் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், பள்ளிச் சான்றிதழ் நான்கையும் வரிசையாக வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். இலங்கைப் பத்திரத்தில் அப்பா பெயர் முழுசாக முன்னால் இருக்கும், இங்கே பள்ளிக்கூடத்தில் அதை ஓர் இனிஷியலாகச் சுருக்கிவிடுவார்கள், ஆதார் எடுக்கும் இடத்தில் டைப் அடிப்பவர் தன் காதில் விழுந்தபடி அடித்துவிடுவார், கடைசியில் ஒரே ஆளுக்கு மூன்று பெயர். பணம் ஏறாமல் நின்ற பிறகு திருத்த ஓடினால் மாதக்கணக்கில் இழுக்கும்.

குழந்தை அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியிலோ சிஎம்சியிலோ பிறந்தால் பிறப்பைப் பதிவது ஆஸ்பத்திரி வேலை, பெயரைச் சேர்ப்பது உங்கள் வேலை. ஒரு வருடத்துக்குள் சேர்த்தால் கட்டணம் இல்லை. சான்றிதழ் வந்ததும் முகாம் ஆர்.ஐ.யிடம் (வருவாய் ஆய்வாளர்) வாயால் சொல்லிவிட்டு வராமல் மனுவாகக் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். 2021-இல் பணக்கொடையை உயர்த்தியபோது குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைக்கு 500 ரூபாய் என்று வைத்தார்கள். 500 சின்னத் தொகைதான், ஆனால் இன்று பதிவேட்டில் ஏறாத பிள்ளைக்கு நாளைக்கு எல்லாமே இழுபறி.

பெயிண்டிங் வேலைக்கு வெளியூர் போகிறவர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். முகாமில் ஆள் இருக்கிறார்களா என்று பார்க்கும் செக்கிங் அன்று ஆள் இல்லையென்றால் பணம் நிற்கலாம், கூலியை விட்டு ஓடி வந்து நிற்பதும் நஷ்டம்தான், இந்த முறையே எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆர்.ஐ. நாளைக்கு வா, நாளைக்கு வா என்றால் அடுத்து தனி வட்டாட்சியர், அதற்கும் மேலே திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் குறைதீர் கூட்டம். மனு எண் போட்ட ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள். கோபம் வரத்தான் செய்யும், ஆனால் மறுநாள் அதே ஆர்.ஐ. முகத்தில்தான் முழிக்க வேண்டும், அதனால் மனுவில் ஆளைத் திட்டாமல் எந்தத் தேதியில் எதைக் கொடுத்தீர்கள், எது இன்னும் வரவில்லை என்று மட்டும் எழுதுங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேளேன் என்று யாராவது சொல்வார்கள். அதன் 3-ஆவது பிரிவு குடிமக்களுக்குத்தான் அந்த உரிமையைத் தருகிறது, குடியுரிமை இல்லாத நமக்கு இல்லை, குடிமகனான ஊர்க்கார நண்பர் தன் பெயரில் போட்டுக் கொடுத்தால் உண்டு.

அப்புறம், வீட்டில் 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் யாராவது இருக்கிறாரா பாருங்கள். சட்டப்படி அவர் பிறப்பாலேயே குடிமகன். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. இதற்கெல்லாம் ஆதாரம் அந்தக் காலத்துப் பிறப்புச் சான்றிதழ்தான், டிரங்குப் பெட்டி அடியில் கிடந்தாலும் தேடி எடுத்து நாலைந்து நகல் போட்டு வையுங்கள், அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள்.