பழைய டிஷ்ஷை வைத்து வைஃபையைக் கூட்ட முடியுமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பையின் மாட்டுங்கா, செம்பூர் ஃபிளாட்டுகள் பலவற்றில் டிடிஎச் சந்தாவை நிறுத்தியாயிற்று. ஜன்னல் கிரில்லில் டிஷ் மட்டும் துருப்பிடித்து நிற்கிறது. அதை ரூட்டரோடு இணைத்தால் உள்ளறை வரை வைஃபை எட்டும் என்று நம்பி கேபிளை மாட்டாதீர்கள். டிஷ் முனையில் உள்ள எல்என்பி என்ற சிறு கருவி வாங்குவது 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளை. வைஃபை ஓடுவது 2.4, 5 கிகாஹெர்ட்ஸில். அதோடு எல்என்பி வாங்க மட்டுமே செய்யும், அனுப்பாது. டிவி பூஸ்டரும் ஒருவழிப்பாதைதான். லாமிங்டன் ரோடு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இதற்கு உதவாது.

செட்டாப் பாக்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் ஆபத்தும் உண்டு. எல்என்பிக்காக அது கேபிளில் 13 அல்லது 18 வோல்ட் அனுப்பும். அந்த முனையை ரூட்டரின் ஆன்டெனா துளையில் செருகினால் ரேடியோ பகுதி கருகிவிடலாம்.

எல்என்பியைக் கழற்றி 2.4 கிகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவைப் பொருத்தினால் டிஷ் வேலை செய்யும், உண்மைதான். ஆனால் 60 செ.மீ. டிஷ் அலையைச் சுமார் 15 பாகைக்குள் குவித்துவிடும். எதிர்க் கட்டடத்துக்கு நன்றாகப் போகும், பக்கத்து அறைக்குப் போகாது. 2.4 கிகாஹெர்ட்ஸில் உரிமமின்றி வீசக்கூடிய 4 வாட் வரம்பையும் எளிதாகத் தாண்டிவிடும்.

டிவி கேபிளின் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) 75 ஓம், வைஃபை கருவிகளுடையது 50 ஓம், அதனால்தான் கெடுகிறது என்பார்கள். அந்தப் பொருத்தமின்மையால் போவது 4 சதவீதம்தான். கேபிளின் நீளமே குற்றவாளி: டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 வயர் 15 மீட்டர் இருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸில் மூன்றில் இரண்டு பங்கு சிக்னலை விழுங்கிவிடும்.

ரூட்டரை டிவிக்குப் பின்னால் ஒளித்து வைப்பது இன்னொரு தவறு. டிவியின் உலோகப் பின்தகடு அலையை மறிக்கும். வெளியே எடுத்து உயரத்தில் வையுங்கள்.

டிவி சாமான்களில் உருப்படியாகப் பயன்படுவது கேபிள் போன குழாய்தான். பழைய கேபிளின் முனையிலுள்ள கனெக்டரை வெட்டிவிட்டு, கேட்-6 என்ற நெட்வொர்க் வயரை அதோடு சேர்த்து இன்சுலேஷன் டேப்பால் வழவழப்பாகச் சுற்றுங்கள். ஒருவர் இந்தப் பக்கம் தள்ள, மற்றவர் அந்தப் பக்கம் இழுக்க வேண்டும். கேட்-6 முனையில் பிளக்கை முன்பே அடித்துவிட்டால் வளைவில் சிக்கும். இழுத்த பிறகு அடியுங்கள். குழாயில் கரண்ட் வயர் ஓடினால் இந்த வேலையே வேண்டாம். மறுமுனையில் இரண்டாவது ரூட்டரை, முதல் ரூட்டரின் இணைப்பை வைஃபையாகப் பரப்ப மட்டும் செய்யும் ஆக்சஸ் பாயின்ட் மோடில் போட்டு, பெயரும் பாஸ்வேர்டும் முதல் ரூட்டரில் உள்ளதையே கொடுங்கள். இரண்டும் மோதிக்கொள்ளாமல் இருக்க 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றுக்கு சேனல் 1, மற்றதற்கு 6 அல்லது 11.

கேபிள் சுவருக்குள்ளேயே பூசப்பட்டு அசையவில்லையா? அதன் இரு முனையிலும் மோகா அடாப்டர் போடலாம்; டிவி கேபிள் வழியாகவே இன்டர்நெட்டை அனுப்பும் கருவி அது. அது 1125 முதல் 1675 மெகாஹெர்ட்ஸில் ஓடும்; எல்என்பி அலைவரிசையைக் குறைத்துக் கேபிளில் அனுப்பும் டிடிஎச் சிக்னலோ 950 முதல் 2150 வரை எடுத்துக்கொள்ளும். ஆகவே டிடிஎச் ஓடும் கேபிளில் இரண்டையும் சேர்த்து விடாதீர்கள்.