பாட்டி ஏன் அதட்டினாள்? ஆம்-இல்லை புதிர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேரன் தண்ணீர் கேட்டுச் சமையலறைக்கு ஓடி வந்தான். பாட்டி தண்ணீர் தரவில்லை. "சாமி உண்டியல் காசை எடுத்தது நீதானே?" என்று அதட்டினாள். பையன் திகைத்துப்போய் நின்றான். சற்று நேரத்தில் சிரித்துவிட்டு, தண்ணீரைக்கூடக் குடிக்காமல் விளையாடப் போய்விட்டான். என்ன நடந்தது?

புதிர் இவ்வளவுதான். சொல்பவருக்கு முழுக் கதையும் தெரியும். மற்றவர்கள் எவ்வளவு கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் ‘ஆம்’, ‘இல்லை’, ‘தொடர்பில்லை’ என்ற மூன்றில் ஒன்றுதான் பதிலாகக் கிடைக்கும். நேராகப் போகாமல் பக்கவாட்டில் நகர்ந்து யோசிக்கும் முறைக்கு, மால்டாவில் பிறந்த மருத்துவர் எட்வர்ட் டி போனோ 1967-இல் ‘பக்கவாட்டுச் சிந்தனை’ (lateral thinking) என்று பெயர் வைத்தார். ஜப்பானிலும் சீனாவிலும் இந்த விளையாட்டு ‘கடலாமை சூப்’ என்ற பெயரில் இளைஞர்களிடையே பரவலாக ஆடப்படுகிறது. சீட்டு வேண்டாம், பலகை வேண்டாம், கைபேசியும் வேண்டாம். காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னையில் இறங்குவதற்குள் இரண்டு மூன்று புதிர்களை முடித்துவிடலாம். கத்தரி வெயிலில் வீட்டுக்குள் படுக்க முடியாமல் மொட்டை மாடியில் பாய் விரிக்கும் வேலூர்க் குடும்பங்களுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு இல்லை என்பது என் கட்சி.

பாட்டி புதிரை ஒரு கூட்டத்தில் போட்டுப் பாருங்கள். முதலில் வந்து விழும் கேள்விகள் அநேகமாக இப்படித்தான் இருக்கும். "பாட்டிக்கு மறதி நோயா?" "காசை எடுத்தது அவனுடைய அண்ணனா?" "தண்ணீரில் யாராவது ஏதாவது கலந்துவிட்டார்களா?" மூன்றுக்கும் பதில் ‘இல்லை’. கேட்டவர்கள் கேள்வி கேட்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆளுக்கொரு கதையை மனதுக்குள் முழுதாகக் கட்டிவிட்டு, அது சரியா என்று ஒப்புதல் வாங்கப் பார்த்தார்கள். அந்தக் கதை பொய்த்தால் ஆயிரம் கதைகளில் ஒன்று மட்டும் குறைகிறது. மீதி அப்படியே நிற்கின்றன. இந்த விளையாட்டில் ஆட்டம் நீண்டு சலிப்புத் தட்டுவதற்கு முதல் காரணம் இதுதான். தெரிந்துகொள்ளும் ஆசையைவிட, விடையை முதலில் கூவும் ஆசை பெரிதாக இருக்கிறது.

இதே புதிரில் நல்ல கேள்வி எப்படி இருக்கும்? "காசு உண்மையிலேயே காணாமல் போனதா?" பதில்: இல்லை. ஒரே கேள்வியில் திருட்டு, அண்ணன், மறதி, உண்டியல் எல்லாம் கூண்டோடு வெளியே போய்விட்டன. "காசு போகவில்லை என்று பாட்டிக்குத் தெரியுமா?" ஆம். அப்படியென்றால் தெரிந்தே பொய்ப் பழி போட்டிருக்கிறாள். "அவன்மேல் கோபமா?" இல்லை. "அவனைத் திடுக்கிட வைக்க நினைத்தாளா?" ஆம். இந்த இடத்தில் கூட்டத்தில் யாராவது ஒருவர் நிமிர்ந்து உட்காருவார். "தாகத்துக்காகவா தண்ணீர் கேட்டான்?" இல்லை. முடிந்தது. பையனுக்கு விக்கல். விக்கலை நிறுத்தத் திடீரென்று திருட்டுப் பழி போடுவது நம் வீடுகளில் கைகண்ட வைத்தியம். பழியைக் கேட்டு அதிர்ந்ததில் விக்கல் நின்றது. தண்ணீருக்கு வேலை இல்லாமல் போனது.

ஐந்து கேள்விகளில் ஒன்றாவது விடையை ஊகித்ததா? இல்லை. ஒவ்வொன்றும் நாம் கேட்காமலேயே ஏற்றுக்கொண்ட ஒரு விஷயத்தைத் தட்டிப் பார்த்தது. பழி என்றால் திருட்டு நடந்திருக்கும், தண்ணீர் என்றால் தாகம், அதட்டினால் கோபம். புதிரில் இந்த மூன்றில் ஒன்றும் சொல்லப்படவில்லை. நாமே போட்டுக்கொண்டவை. ஆகவே புதிரைக் கேட்டவுடன் முதல் வேலை, அதிலுள்ள பெயர்ச்சொல்லையும் வினைச்சொல்லையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சந்தேகப்படுவது. இதைச் செய்யாமல் இருப்பதுதான் தலையாய தவறு. மற்றவை இதற்குப் பின்னால் வருபவை.

இந்தப் புதிரின் மேற்கத்திய வடிவத்தில் மதுக்கடைக்காரர் துப்பாக்கியை நீட்டுவார். அதை அப்படியே நம் ஊரில் போட்டால் துப்பாக்கியிலேயே எல்லோரும் சிக்கிக்கொள்வார்கள். லிஃப்ட் புதிரும் அப்படித்தான். பத்தாவது மாடியில் குடியிருப்பவர் தினமும் ஏழாவது மாடி வரை லிஃப்டில் போய் மீதியை நடந்து ஏறுகிறார், மழை நாளில் மட்டும் நேரே பத்துக்குப் போகிறார். உயரம் குறைந்தவர், மேலே உள்ள பொத்தான் எட்டாது, மழை நாளில் கையில் குடை இருக்கும். பத்து மாடிக் கட்டடத்தை அதிகம் பார்த்திராத பிள்ளைகள் லிஃப்டின் பழுதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருப்பார்கள். புதிர் சொல்பவர் கேட்பவர்களின் ஊருக்கு ஏற்றபடி கதையை மாற்றிக்கொள்வதில் தவறே இல்லை. மாற்றாமல் இருப்பதுதான் தவறு.

இனி இன்னொரு வகைச் சறுக்கல். இருபது கேள்வி விளையாட்டில் தேர்ந்தவர்கள் இங்கே வந்து தடுமாறுவதைப் பார்க்கலாம். அந்த விளையாட்டில் மனதில் நினைத்த பொருளைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு கேள்வியும் மீதமுள்ளதைச் சரிபாதியாக வெட்டினால், இருபது கேள்விகளில் 10,48,576 பொருள்களில் ஒன்றைப் பிடித்துவிடலாம். கணக்கு சரிதான். ஆனால் ஆம்-இல்லை புதிரில் வெட்டுவதற்குப் பட்டியலே கிடையாது. "ஆணா?", "காலையா?", "முப்பது வயதுக்கு மேலா?" என்று வரிசையாக வெட்டிக்கொண்டே போனால் பாதிக்கு மேல் ‘தொடர்பில்லை’ என்றுதான் பதில் வரும். அதற்காக முகம் சுளிக்க வேண்டியதில்லை. ‘தொடர்பில்லை’ என்பது உண்மையில் நல்ல பதில், ஒரு கிளையையே அடியோடு வெட்டித் தருகிறது. அதைக் காதில் வாங்காமல் அடுத்த ஆள் மறுபடியும் அதே கிளையில் ஏறுவதுதான் கொடுமை. ஒருவர் கையில் காகிதமும் பேனாவும் கொடுத்து உறுதியானவற்றை எழுதச் சொன்னால் இந்தத் தொல்லை குறையும்.

கேள்வியின் அமைப்பிலும் கவனம் வேண்டும். "கோபத்தில் வேண்டுமென்றே பொய் சொன்னாளா?" என்று கேட்டால் ‘இல்லை’ என்று வரும். எதற்கு இல்லை? கோபத்துக்கா, வேண்டுமென்றே என்பதற்கா, பொய்க்கா? மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியதால், சரியான இரண்டு விஷயங்களும் கேள்வியோடு சேர்ந்து போய்விட்டன. எதிர்மறைக் கேள்வி அதைவிட மோசம். "அவன் காசை எடுக்கவில்லையா?" என்று கேளுங்கள். "ஆமாம்" என்றாலும் எடுக்கவில்லை, "இல்லை" என்றாலும் எடுக்கவில்லை என்றுதான் நாம் புரிந்துகொள்கிறோம். தமிழில் இரண்டு பதிலும் ஒரே இடத்தில் வந்து நிற்கக்கூடும் என்பதால், கேட்டவர் ஒன்றை நினைக்க, சொன்னவர் இன்னொன்றை நினைத்திருப்பார். "எடுத்தானா?" என்று நேராகக் கேட்டுவிட்டால் வம்பில்லை.

விடுகதையில் ஊறியவர்களுக்கென்று தனியாக ஒரு தவறு உண்டு. விடுகதையில் எல்லாமே வேடம். குடிக்காத நீர் என்றால் கண்ணீர். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் உவமையைத் தேடுவார்கள், ‘உண்டியல்’ என்றால் வயிறா என்று கேட்பார்கள். இங்கே சொற்கள் பெரும்பாலும் சொன்ன பொருளில்தான் நிற்கும். வேலூரைப் பற்றிய பழைய வாசகம் ஒன்றே இதற்குச் சான்று: நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லா கோட்டை, சாமியில்லா கோயில். வெளியூர்க்காரர்கள் கடைசியைக் கேட்டுவிட்டு நாத்திகம், பக்தி குறைவு என்று தத்துவத்துக்குள் போவார்கள். உண்மை வெகு சாதாரணம். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் நெடுங்காலம் லிங்கமே இல்லை. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981-இல் கொண்டுவந்து வைத்த பிறகுதான் மறுபடியும் வழிபாடு தொடங்கியது. "சாமி என்றால் சிலையா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

கொஞ்சம் கடினமான புதிர் ஒன்று. ஓர் ஊரில் சிலருக்குப் புதிதாகத் தலையணி தரப்பட்டது. சில மாதங்கள் கழித்து அதே ஊரில், அதன் காரணமாக, ஒரே நாளில் நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். ஏன்?

ஹெல்மெட் விபத்து, தொற்று நோய், தொப்பியில் விஷம் என்று ஊகங்கள் பறக்கும். "இது நம் காலத்தில் நடந்ததா?" என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. காலம் சொல்லப்படவில்லை என்றால் இன்றைய தேதி என்று எடுத்துக்கொள்கிறோம். "தரப்பட்டவர்கள் அதை விரும்பி ஏற்றுக்கொண்டார்களா?" என்ற கேள்வியும் வெகு தாமதமாகவே வரும். இரண்டுக்கும் பதில் ‘இல்லை’. வேலூர்க்காரர்களே இதில் அதிகம் திணறுவார்கள் என்பதுதான் வேடிக்கை. மக்கான் சந்திப்பில் நினைவுத் தூணைத் தாண்டித்தான் பஸ்ஸில் போய் வருகிறார்கள். 1806 ஜூலை 10, வேலூர்க் கோட்டையில் பிரிட்டிஷ் படையின் இந்தியச் சிப்பாய்கள் செய்த கிளர்ச்சி. புதிய தலைப்பாகையில் விலங்குத் தோலாலான இலச்சினை இருந்தது. அதோடு நெற்றியில் சமயக் குறி இடக்கூடாது, தாடி வைக்கக்கூடாது என்றும் உத்தரவு. இந்துச் சிப்பாய்களும் முஸ்லிம் சிப்பாய்களும் ஒன்றாகக் கொதித்தார்கள். விடிவதற்குள் கோட்டை அவர்கள் கையில். ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு காலையிலேயே வந்து அதை மீட்டபோது மறுபடியும் ரத்தம்.

இந்தப் புதிரில் சொல்பவருக்கும் ஒரு பொறி இருக்கிறது. "இறந்தவர்கள் தலையணி தரப்பட்டவர்களா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? முதலில் இறந்தவர்கள் கோட்டையில் இருந்த ஐரோப்பியர்கள், பிறகு இறந்தவர்கள் சிப்பாய்கள். ‘ஆம்’ என்றாலும் தவறு, ‘இல்லை’ என்றாலும் தவறு. அவசரத்தில் ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டால் கூட்டம் முழுவதும் அரை மணி நேரம் தவறான பாதையில் நடக்கும். "ஒரு பகுதி மட்டும் சரி, பிரித்துக் கேளுங்கள்" என்று சொல்லிவிடலாம், விதியை மீறியதாகாது. சொன்ன பதில் தவறு என்று பிறகு தெரிந்தால் உடனே ஆட்டத்தை நிறுத்தித் திருத்த வேண்டும். கௌரவம் பார்த்து மூடி மறைப்பவர் புதிர் சொல்லத் தகுதியில்லாதவர். முழுக் கதையைத் தன் மனதில் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் புதிர் போடுவதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. கண்ணைச் சிமிட்டுவது, "நெருங்கிவிட்டீர்கள்!" என்று துள்ளுவது, ஐந்து நிமிடம் மௌனம் நிலவியதும் பொறுக்காமல் குறிப்பை அவிழ்த்துவிடுவது ஆகியவற்றையும் சொல்பவர்கள் விட்டால் நல்லது.

எப்போது முடிந்ததாக ஏற்பது என்பதில் கறார் வேண்டும். "தொப்பிக்காகச் சண்டை வந்தது" என்பது விடையல்ல. தொப்பியில் என்ன இருந்தது, யாருக்கு அது பொறுக்கவில்லை, ஏன் சாவில் முடிந்தது என்பது வரை வர வேண்டும். அதே சமயம், புதிரின் எல்லா வரிக்கும் பொருந்தும் இன்னொரு கதையை யாராவது சொல்லிவிட்டால் "அது இல்லை" என்று தட்டிக்கழிப்பதும் சரியில்லை. பாட்டி புதிருக்கே ஒரு சிறுமி, பேரன் நாடகத்துக்கு ஒத்திகை பார்த்தான், தண்ணீர் கேட்பதும் அதட்டல் வாங்குவதும் வசனம் என்று சொல்லலாம். பொருந்துகிறதே! பாராட்டிவிட்டு, "என் கதை வேறு, தொடருங்கள்" என்று சொல்வதே முறை.

விடை முன்பே தெரிந்தவர் ஒருவராவது கூட்டத்தில் இருப்பார். அவர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டு எழுதும் காகிதத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். தெரியாததுபோல் உட்கார்ந்திருந்து, நான்காவது கேள்வியில் விக்கலைக் கண்டுபிடித்துக் கைதட்டல் வாங்குபவரை அடுத்த ஆட்டத்தில் சேர்க்காதீர்கள்.