ஏர் ப்யூரிஃபையர் வைரஸைப் பிடிக்குமா?

பிடிக்கும், உள்ளே இருப்பது உண்மையான ஹெப்பா ஃபில்டராக இருந்தால். 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தை அது பிடித்துவிடும். கொரோனா வைரஸ் சுமார் 0.1 மைக்ரான்தானே, நழுவிவிடாதா என்று கேட்கலாம். நழுவாது. அவ்வளவு சிறியவை நேராகப் போகாமல் அலைபாய்ந்து, ஃபில்டர் இழைகளில் மோதி ஒட்டிக்கொள்ளும். போதாததற்கு, வைரஸ் பெரும்பாலும் எச்சில் துளிகளோடு சேர்ந்துதான் மிதக்கும்.

வாங்கும்போது சிஏடிஆர் எண்ணை, அதாவது கருவி மணிக்கு எவ்வளவு சுத்தமான காற்றைத் தரும் என்பதைக் கட்டாயம் பாருங்கள். மணிக்கு 5 முறையாவது அறைக் காற்று சுத்தமாக வேண்டும். 10-க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் மணிக்கு 170 கன மீட்டர் தேவை. சத்தம் தாங்காமல் வேகத்தைக் குறைத்தால் கணக்கு உதைக்கும். கொஞ்சம் பெரியதாகவே வாங்குங்கள். அப்புறம், சாதாரண ஏசியில் இருக்கும் வலை தூசிக்கு மட்டும்தான், அதை நம்ப வேண்டாம்.