சண்டிகரைச் சுற்றிப் பார்க்க: இரண்டு நாள் போதும், திங்கட்கிழமை மட்டும் வேண்டாம்

சண்டிகருக்கு இரண்டு முழு நாட்கள் ஒதுக்குங்கள். அதில் ஒன்று திங்கட்கிழமையாக இருந்தால் பாதிப் பயணம் வீண், அருங்காட்சியகங்களுக்கு அன்று விடுமுறை. நவம்பர், பிப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள். மே, ஜூனில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை மூடுபனி. ரயில்கள் தாமதமாகும் என்பதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த ஊரின் கட்டடங்கள் வெயிலும் நிழலும் விழுவதை எண்ணியே வரையப்பட்டவை. பனிக்குள் அவை வெறும் சாம்பல் நிறச் சுவர்கள்தான்.

டெல்லியிலிருந்து சதாப்தியில் ஏறினால் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். மதுரையிலிருந்து நேரடி ரயிலும் உண்டு, ஆனால் தினமும் ஓடாது. ரயில் நிலையம் நகரின் கிழக்கு ஓரத்தில், பஞ்ச்குலாவை ஒட்டி இருக்கிறது. ஊர் முழுவதும் செக்டர் எனப்படும் எண்ணிட்ட பகுதிகளாகப் பிரிந்தது. நிலையத்தருகே அறை எடுக்காமல் செக்டர் 17, 22 பக்கம் தங்கினால் பெரும்பாலான இடங்கள் கிட்டத்தில் இருக்கும்.

முதல் நாளைக் கேபிடல் காம்ப்ளக்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போனதால் இந்தியப் பஞ்சாபுக்குத் தலைநகர் இல்லாமல் போனது. அந்தத் தேவைக்காக எழுந்த ஊர் இது. சுவிட்சர்லாந்தில் பிறந்த பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே 1951 முதல் வடிவமைத்த தலைமைச் செயலகம், சட்டமன்றம், உயர் நீதிமன்றம் மூன்றும் செக்டர் 1-இல் உள்ளன. 2016-இல் இந்த வளாகம் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

இங்கே நினைத்தபடி உள்ளே நுழைய முடியாது. 1995-இல் செயலக வாசலில் குண்டு வெடித்து அன்றைய பஞ்சாப் முதல்வர் பியாந்த் சிங் இறந்தார். மேலும் பஞ்சாப், ஹரியானா இரண்டு மாநில அரசுகளும் இங்கிருந்தே நடக்கின்றன. அதனால் காவல் கடுமை. உயர் நீதிமன்றத்தை ஒட்டிய சுற்றுலாத் தகவல் மையத்தில் பெயரைப் பதிந்து, வழிகாட்டியோடு குழுவாகத்தான் போக வேண்டும். கட்டணம் இல்லை. பொதுவாக 10 மணி, 12 மணி, 3 மணி என மூன்று சுற்றுகள் நடக்கும். முந்தின நாளே உறுதி செய்துகொள்ளுங்கள். அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். கட்டடங்களுக்குள் அனுமதி கிடைக்குமா என்பது அந்தந்த நாளின் பாதுகாப்பைப் பொறுத்தது. சட்டமன்றம் கூடும் நாட்களில் எதிர்பார்க்காதீர்கள்.

எந்த நேரத்துச் சுற்றில் போவது என்பதை வெளிச்சத்தை வைத்து முடிவு செய்யுங்கள். சட்டமன்றத்தின் முகப்பு தென்கிழக்கு பார்த்தது, காலை வெயில் நேராக விழும். எதிரே உயர் நீதிமன்றம் வடமேற்கு பார்த்தது. பச்சை, மஞ்சள், சிவப்புத் தூண்கள் பிற்பகலில்தான் துலங்கும். 12 மணிச் சுற்று இரண்டுக்கும் ஆகாது. இரு கட்டடங்களுக்கும் நடுவே அரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான கான்கிரீட் வெளி, ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை. படத்தில் கம்பீரமாகத் தெரியும் அந்த வெளி, நடப்பவருக்குத் தண்டனைதான். தொப்பியும் தண்ணீரும் இல்லாமல் இறங்காதீர்கள்.

நடுவில் நிற்கும் நிழல் கோபுரத்தை வழிகாட்டிகள் ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுவார்கள். நீங்கள் உள்ளே போய் நில்லுங்கள். வடக்குப் பக்கம் மட்டும் திறந்திருக்கும். மற்ற மூன்று பக்கமும் கான்கிரீட் பலகங்கள் வெயிலைத் தடுக்கும். மின்விசிறி, ஏசி எதுவும் இல்லாமல் வெயிலை எப்படி வெளியே நிறுத்தலாம் என்பதற்கான செயல்முறை விளக்கம் அது. சட்டமன்றத்தின் மேலே அனல்மின் நிலையக் குளிர்விப்புக் கோபுரம் போல எழும் கூட்டுக்கு அடியில் பஞ்சாப் பேரவை கூடுகிறது. பக்கத்திலுள்ள பிரமிடுக் கூரைக்கு அடியில் ஹரியானா பேரவை.

கான்கிரீட் சுவர்களைக் கிட்டே போய்ப் பாருங்கள். பூச்சு கிடையாது. சென்ட்ரிங் பலகையின் மரவரியும், இரண்டு பலகை சேர்ந்த இடத்தில் பிதுங்கிய சாந்தும் அப்படியே இருக்கும். சில இடங்களில் மீன், பாம்பு, சக்கரம், இலை என்று சிறு உருவங்கள் அச்சாகப் பதிந்திருக்கும். வளாகத்தில் நிற்கும் 26 மீட்டர் உயர ‘திறந்த கை’ சின்னம் காற்றுக்குத் திரும்பும். எழுந்தது 1985-இல், அதை வரைந்த லெ கொர்புசியே இறந்து இருபது ஆண்டுகள் கழித்து.

அதே செக்டரில் நேக் சந்தின் ராக் கார்டன். பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்தவர், அரசு நிலத்தில் யாருக்கும் தெரியாமல் உடைந்த வளையலும் பீங்கானும் இடிபாடும் சேர்த்து உருவாக்கியது. 1976-இல் மக்களுக்குத் திறந்தார்கள். பாதைகள் ஒடுக்கமானவை, ஞாயிறு மாலை நெரிசல் தாங்காது. மாலையில் சுக்னா ஏரிக்கரை.

இரண்டாம் நாள் நகருக்குள். காரில் சுற்றினால் ஊரே கண்ணில் படாது. ஒவ்வொரு செக்டரும் சுமார் 1,200 மீட்டருக்கு 800 மீட்டர். சுற்றியுள்ள பெரிய சாலைகளுக்கு வீடுகள் முதுகைக் காட்டி நிற்கும். கடையும் வாசலும் உள்ளே செல்லும் சிறிய சாலைகளில்தான். செக்டர் 22-க்குள் நடந்து பாருங்கள். முதலில் கட்டியவற்றில் ஒன்று. லெ கொர்புசியேயோடு வேலை செய்த கட்டடக் கலைஞர்கள் பியர் ஜன்னரே, மேக்ஸ்வெல் ஃபிரை, ஜேன் ட்ரூ ஆகியோர் வடிவமைத்த வீடுகளில் செங்கல்தான் மிகுதி, காரணம் அதுதான் மலிவு. ஆட்டோக்காரரிடம் செக்டர் எண் மட்டும் சொன்னால் எங்கோ ஓரத்தில் இறக்கிவிடுவார். ‘22-பி’ என்பதுபோல எழுத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

செக்டர் 19-பியில் கட்டடக் கலைஞர்களின் பழைய அலுவலகம் இப்போது லெ கொர்புசியே மையம். செக்டர் 5-இல் 57-ஆம் எண் வீடு ஜன்னரே வாழ்ந்தது, அதுவும் அருங்காட்சியகம். லெ கொர்புசியே வந்து வந்து போனவர். ஆண்டுக்கணக்கில் தங்கி வேலையை முடித்தவர் ஜன்னரே. அவருடைய அஸ்தி சுக்னா ஏரியில்தான் கரைக்கப்பட்டது. செக்டர் 14-இல் பஞ்சாப் பல்கலைக்கழகத்துக்குள் தண்ணீர் நடுவே நிற்கும் காந்தி பவனும் அவர் வடிவமைத்ததே. ஒரு கட்டடம்தான் பார்க்க நேரம் என்றால் நான் அதைச் சொல்வேன். அவர் காலத்துத் தேக்கு நாற்காலிகள் வெளிநாட்டு ஏலங்களில் லட்சக்கணக்கில் விலை போகின்றன. இங்கே சில அலுவலகங்களில் கால் ஒடிந்தவை மூலையில் கிடக்கும்.

திரும்பும்போது பேருந்து நிலையம் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டெல்லி, ஹரியானா வண்டிகளுக்கு செக்டர் 17; சிம்லா, மணாலி, அமிர்தசரஸ் பக்கம் போக செக்டர் 43.