ஒருவர் சொன்னதும் கூட்டம் முடிந்துவிடுகிறதா? இப்படிச் செய்து பாருங்கள்

போன வருடம் ஓணத்துக்கு முன்பு, தக்கலைப் பக்கம் ஒரு மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஏழு பேர். ஓண விற்பனைக்கு என்ன பலகாரம் போடுவது என்று பேச்சு. தலைவி அக்கா "ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ்தான்" என்றார். அப்புறம் யாரும் வாய் திறக்கவில்லை. சாயா வந்தது, கலைந்தோம்.

இதற்கென்றே 1971இல் டெல்பெக், வான் டி வென் என்ற இருவர் ஒரு முறையை வெளியிட்டார்கள். நாமினல் குரூப் டெக்னிக் என்பார்கள்; பெயர் மறந்தாலும் பரவாயில்லை. அடுத்த வாரம் அதே ஏழு பேரோடு செய்தோம்.

முதலில் கேள்வி. "ஓணத்துக்கு என்ன செய்யலாம்?" என்றால் அத்தப்பூக் கோலம் வரை பதில் வரும். "இருக்கிற இரண்டு அடுப்பில், 20 நாளில், என்ன பலகாரம் செய்து விற்கலாம்?" என்று சார்ட்டில் எழுதி ஒட்டினோம்.

அடுத்து, 10 நிமிடம் அவரவர் சீட்டில் எழுத வேண்டும். பேச்சே கூடாது. கஷ்டமான இடம் இதுதான். மூன்றாவது நிமிடத்தில் யாராவது பக்கத்துச் சீட்டை எட்டிப் பார்ப்பார்கள். விடாதீர்கள். ஒருவர் சொன்னது காதில் விழுந்துவிட்டால் மற்றவர் யோசனையும் அதன் பின்னாலேயே போய்விடும். எழுத வராதவரைத் தனியே கேட்டு நீங்களே எழுதுங்கள்.

பிறகு சுற்று. ஆளுக்கு ஒன்றாக வாசிக்க, அவர் சொன்ன வார்த்தையிலேயே சார்ட்டில் ஏற்றுங்கள். "அது சரிப்படாது" என்று இப்போது யாரும் சொல்லக்கூடாது. தலைவர் கடைசியில் வாசிக்கட்டும் (இது என் சொந்தச் சேர்க்கை). எங்களுக்கு 16 யோசனை தேறியது. முந்தைய வாரம் மூலையில் பேசாமல் இருந்தவரின் சீட்டில் இருந்தது: "முந்திரிக்கொத்து. ஓணம் நெருங்கினா ஏத்தங்குலை விலை ஏறும்." (முந்திரிக்கொத்து என்பது சிறுபயறும் வெல்லப்பாகும் சேர்த்துச் செய்யும் பலகாரம்.)

அதன்பின் சந்தேகம் கேட்கலாம், சண்டை வேண்டாம். "எத்தனை நாள் கெடாம இருக்கும்?" என்றார் தலைவி அக்கா. "பாகு பதம் சரியா இருந்தா ரெண்டு வாரம் தாங்கும்க்கா."

கடைசியில் ஓட்டு. ஆளுக்கு மூன்று தேர்வு. முதலாவதுக்கு 3, அடுத்ததுக்கு 2, பிறகு 1. பெயர் எழுதாமல் மடித்துப் போட வேண்டும். கை தூக்கச் சொன்னால் பழைய கதைதான். முந்திரிக்கொத்துக்கு 15, சிப்ஸுக்கு 13. இப்படி ஒட்டி வந்தால் அந்த இரண்டை மட்டும் பேசி மறுபடி சீட்டுப் போடுங்கள். எங்களுக்கு 5க்கு 2 என்று வந்தது.

தலைவி அக்கா சார்ட்டை ஒருமுறை பார்த்தார். "சரி, சிறுபயறு எத்தனை கிலோ வறுக்கணும்?"